கழியில் கொடுவா பிடிக்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

(காட்சி: விடியும் முன் முத்துக்காடு. பாலத்தின் விளக்குகள் தண்ணீரில் தெரிகின்றன.)

வணக்கம். பின்னால் தெரிகிற தண்ணீர், சென்னைக்குத் தெற்கே இருக்கிற முத்துக்காடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும்போது ஒரு பக்கம் படகுத்துறை, இன்னொரு பக்கம் கடலைப் பார்த்து விரிகிற உப்பங்கழி, அரை நிமிடத்தில் பாலத்தைத் தாண்டிவிடுவோம். அந்த அரை நிமிடத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஏனென்றால் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு கழியில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "எந்த லூர் வாங்கணும்?" லூர், அதாவது செயற்கை இரை, கடைசியில் வரட்டும். முதலில் தண்ணீர்.

நான் முதல் தடவை போனபோது நடந்ததைச் சொல்கிறேன். புது ராடு, புது ரீல், பெட்டி நிறைய செயற்கை இரை எல்லாம் இருந்தது. தேதியை நான்தான் முடிவு செய்தேன், எனக்கு லீவு கிடைத்த நாள் அது. வழிகாட்டியாகக் கூட்டிப்போன அண்ணன் போனிலேயே சொன்னார், "தம்பி, அன்னைக்குத் தண்ணி ஓடாது, நாலு நாள் தள்ளி வாங்க" என்று. நான் கேட்கவில்லை. காலை ஐந்தரைக்கு இறங்கி பத்து மணி வரை வீசிக்கொண்டே இருந்தேன், தோள் வலித்ததுதான் மிச்சம். கழி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. அது அஷ்டமிக்கு மறுநாள் என்று வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சரி, அஷ்டமிக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

(காட்சி: தாளில் வரைந்த படம். கடல், மணல் திட்டு, முகத்துவாரம், உள்ளே விரியும் கழி.)

நம் கடற்கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றுகிறது. ஏற ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், வற்ற அதே அளவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அதிகம். அஷ்டமி பக்கம் இரண்டும் குறுக்கே நின்று இழுப்பதால் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. சென்னைப் பக்கம் அந்தப் பெரிய வித்தியாசமே சுமார் ஒரு மீட்டர்தான், ஆஸ்திரேலியாவின் டார்வின் மாதிரி 7 மீட்டர், 8 மீட்டர் எல்லாம் இங்கே கிடையாது. ஆனால் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் ஒரு குறுகிய வாய், அதாவது முகத்துவாரம், வழியாகத்தான் கழிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அதனால் வாய்க்குப் பக்கத்திலும் பாலத்துக்கு அடியிலும் அது ஆறு மாதிரி ஓடும். மீன் சாப்பிடுவது அந்த ஓட்டத்தில்.

கழியின் ஓரங்களில் புல்லும் சேறும் வேர்களும் இருக்கிற ஆழமில்லாத இடங்களில் இறாலும் மடவைக் குஞ்சும் ஒளிந்திருக்கும். தண்ணீர் ஏறும்போது அவை உள்ளே உள்ளே போகும், அங்கே பெரிய மீனால் வரமுடியாது. தண்ணீர் வற்றத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் சின்னச் சின்ன ஓடைகள் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அந்த ஓடை கழியில் சேருகிற மூலையில், ஒரு தூணுக்கோ கல்லுக்கோ பின்னால், ஓட்டத்தின் அடி தன் மேல் படாமல் தலையை மட்டும் ஓட்டத்தை நோக்கி வைத்துக்கொண்டு கொடுவா காத்திருக்கும். அது துரத்திப் போவது குறைவு. வாயைத் திறந்தால் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். விடியற்காலையில் பாலத்தின் நிழலில் "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும், தேங்காய் மட்டை தண்ணீரில் விழுந்த மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் அப்புறம் உங்களுக்கு வேறு எதிலும் மனம் போகாது, எனக்கு அப்படித்தான் ஆனது.

இதில் வெளியூர்க்காரர்கள் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. போனில் பார்க்கிற ஏற்ற வற்ற நேரம் கடலுக்கானது, கழிக்கானது அல்ல. வெளியே கடல் வற்றத் தொடங்கியிருக்கும், உள்ளே தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், ஏனென்றால் குறுகிய வாய் வழியாக நிரம்புவதற்கு நேரம் ஆகும். வாயிலிருந்து உள்ளே போகப் போக அந்தத் தாமதம் கூடும். எவ்வளவு தாமதம் என்பதற்கு எந்த ஆப்பிலும் பதில் இல்லை, ஏனென்றால் வாய் அகலமாக இருக்கும் மாதம் ஒரு கணக்கு, மணல் ஏறிச் சுருங்கிய மாதம் வேறு கணக்கு. அந்த அண்ணன் கையில் வாட்ச் கூடக் கட்டுவதில்லை. பாலத்தின் தூணில் ஒட்டியிருக்கிற சிப்பியில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, "இன்னும் அரை மணி நேரம், டீ குடிப்போம்" என்பார். சொன்னபடி அரை மணியில் தண்ணீர் திரும்பும். நீங்கள் வழிகாட்டிக்குக் கொடுக்கிற பணம் இந்த அரை மணிக்காகத்தான் என்று நான் மனதாரச் சொல்வேன்.

(காட்சி: முகத்துவாரத்தின் மணல் திட்டு, கோடையில் எடுத்தது.)

இப்போது முகத்துவாரம். சோழமண்டலக் கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. மழைக்காலத்தில் கழியிலிருந்து வெளியேறும் வெள்ளம் அந்த மணலைத் தள்ளி வாயைத் திறந்து வைக்கும். முத்துக்காட்டுக்கு அந்த வெள்ளம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே ஓடி வந்து இங்கேதான் கடலைப் பார்க்கிறது. வேளச்சேரிப் பக்கம் தெருவில் தேங்கிய மழை நீரில் ஒரு பங்கு இந்தப் பாலத்துக்குக் கீழே போகிறது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் வழி. மழை நின்று, கோடை வந்து, தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாமல் போனதும் மணல் ஜெயிக்கும். வாய் சுருங்கும், சில சமயம் மூடியே போகும். மூடினால் ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது. பௌர்ணமியாக இருந்தாலும் பயனில்லை.

அதே மாதிரி ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்து கழி முழுக்கச் செம்மண் நிறத்தில் ஓடுகிற வாரமும் வேண்டாம், லூரை மீன் பார்க்கவே முடியாது. எனக்குப் பிடித்தது மழை நின்று தண்ணீர் தெளிந்து, வாயும் நன்றாகத் திறந்திருக்கிற தை, மாசி. கோடையில் போனால் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தால் லூர் நீங்கள் சொன்ன இடத்தில் விழாது. படகுத்துறை திறந்து வேகப்படகுகள் ஓட ஆரம்பித்தாலும் அன்றைய வேலை முடிந்த மாதிரிதான்.

ஞாயிறு மட்டும் வரமுடிகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏற்ற வற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது, ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு காலை 6 மணிக்குக் கடல் முழுக்க ஏறி நிற்கிறது என்றால், அடுத்த ஞாயிறு அதே 6 மணிக்கு முழுக்க வற்றிக் கிடக்கும். போன வாரம் நண்பர் நிறைய மீன் பிடித்தார் என்று அதே நேரத்துக்கு நீங்கள் போய் ஏமாறுவது இதனால்தான்.

(காட்சி: படகில் ராடு, ரீல், பிளையர்.)

இப்போது சாமான். 7 அடி ராடு, நடுத்தர அளவு ஸ்பின்னிங் ரீல், 20 முதல் 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல்) லைன், முனையில் 40 அல்லது 50 பவுண்டு தாங்கும் தடித்த நரம்பு (தூண்டில் நைலான்) ஒரு மீட்டர். அந்தத் தடித்த நரம்பை விட்டுவிடாதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி, மீன் தலையை உதறும் ஒரு உதறலில் மெல்லிய லைன் அறுந்துவிடும், உங்கள் விரலும் அப்படித்தான். என் நண்பர் ஒருவர் செவுளுக்குள் கையை விட்டுத் தூக்கப் போய் மூன்று தையல் போட்டுக்கொண்டார். லூர் என்றால் பின்னால் வால் ஆடுகிற ரப்பர் மீன் இரண்டு, அதிகம் ஆழம் போகாத கடினமான லூர் ஒன்று போதும். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வீசி, தண்ணீரோடு சேர்ந்து வரும்படி இழுங்கள், ஏனென்றால் உண்மையான இறால் ஓட்டத்தை எதிர்த்து நீந்தி வந்து கொடுவாவின் வாயில் விழுவதில்லை.

கெளுத்தி மாட்டினால் நீங்கள் தொடாதீர்கள், அதன் முதுகிலும் பக்கத்திலும் இருக்கிற முள் குத்தினால் அன்று முழுக்கக் கடுக்கும். அண்ணனிடம் கொடுங்கள். செப்பிலி மீன் மாட்டினால் உடனே இழுங்கள், வேருக்குள் புகுந்துவிட்டால் மீனும் இல்லை, லூரும் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கழிதானே, ஆழம் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்க வேண்டாம். முகத்துவாரத்தில் வற்றுகிற தண்ணீர் ஆளைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும், கரையோரச் சேறு காலை விடாது. லைஃப் ஜாக்கெட் படகில் இல்லை என்றால் ஏறாதீர்கள். அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. அப்புறம், எல்லாக் கழியும் நமக்குத் திறந்த இடம் இல்லை. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் வனத்துறையின் காடு. அனுமதி இல்லாமல் படகையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு அங்கே நுழையக் கூடாது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். நமக்கு இது ஞாயிற்றுக்கிழமை, அங்கே இருப்பவர்களுக்கு இது சோறு. சென்னையைச் சுற்றிய கழிகளில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பெட்டியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிற்கிற பக்கம் படகை வேகமாக விட்டால் அலை முகத்தில் அடிக்கும், சேறு கலங்கும், அன்றைய இறால் போச்சு. யாருடைய வலை எங்கே கட்டியிருக்கிறது, எந்த மூலையில் வீசக் கூடாது என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அதனால் வழிகாட்டி வேண்டும் என்றால் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த மீனவரைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

(காட்சி: தண்ணீருக்குள் ஒரு கை, மீனின் வயிற்றைத் தாங்கியபடி.)

மீன் மாட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கொடுவா. என்ன செய்வது?

கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். அதனால் ஒரு கழியில் இருக்கிற மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்கள், முட்டையிடப் போகிறவை. முட்டையிட அவை முகத்துவாரத்துக்கும் கடலோரத்துக்கும் போகின்றன, குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிக்குள் வருகின்றன. நீங்கள் பிடித்த அந்த ஒரு பெரிய மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால், இந்தக் கழிக்கு வரவேண்டிய ஏராளமான குஞ்சுகளையும் சேர்த்துக் கொண்டுபோகிறீர்கள். குழம்புக்குக் கொடுவா வேண்டுமென்றால் கடையில் வளர்ப்பு மீன் கிடைக்கிறது. இதே முத்துக்காட்டில் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலில் கொடுவாவைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்ததே அந்த நிறுவனம்தான், 1997இல். சாப்பிட அளவான ஒரு மீன் எடுத்துக்கொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை, நானும் எடுப்பேன். பெரியதை விட்டுவிடுங்கள்.

விடுவதற்கும் முறை இருக்கிறது. கிளம்பும் முன்பே தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கிற சின்னக் கொக்கியைப் பிளையரால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள், கழற்றுவது சுலபம். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள், காய்ந்த கை அதன் மேல் இருக்கிற வழவழப்பை உரித்துவிடும். தாடையில் தூக்கித் தொங்கவிடாமல் வயிற்றை இன்னொரு கையால் தாங்குங்கள். போட்டோ எடுப்பவரை முதலில் தயாராக நிற்கச் சொல்லிவிட்டு அப்புறம் மீனைத் தூக்குங்கள். பிறகு தண்ணீரில் ஓட்டத்தைப் பார்த்துப் பிடித்தால் செவுளுக்குள் தண்ணீர் ஓடும், கொஞ்ச நேரத்தில் வாலை ஒரு அடி அடித்து அதுவே போகும். முகத்தில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். அறுந்த நரம்புத் துண்டுகளை மட்டும் அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள், கொக்கு காலில் சுற்றிக்கொண்டு சாகும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் வழிகாட்டிக்கு போன் போடலாம். எந்தத் தேதி என்று நீங்கள் சொல்லாமல், "அண்ணே, வாய் திறந்திருக்கா? தண்ணி எப்ப நல்லா ஓடும்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற நாளுக்கு லீவு போடுங்கள்.