பிள்ளைக்கு நாளை எப்போது பிறக்கிறது?

மண்டபம், பாம்பன் பக்கமிருந்து வந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களே, தாய்மார்களே!

மூன்று வயதுப் பிள்ளை ‘நாளைக்கு ஊருக்குப் போனோம்’ என்றால் சிரிக்கிறோம். அதற்கு நேற்றும் நாளையும் ஒன்றுதான், ‘இன்றைக்கு இல்லை’. நாலு வயதையொட்டித்தான் இரண்டும் பிரியும். 2011-இல் தாமஸ் சுடென்டார்ஃப் என்ற உளவியலாளரின் குழுவினர், பூட்டிய பெட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள், சாவி சேரவில்லை. வேறு அறையில் 15 நிமிடம் இருக்க வைத்து, சில பொருள்களைக் காட்டி, ‘திரும்பப் போகும்போது எதை எடுத்துப்போவாய்?’ என்றார்கள். நாலு வயதினர் சரியான சாவியை எடுத்தார்கள். மூன்று வயதினருக்குப் பிடிபடவில்லை.

நாலு வயதோடு வேலை முடிவதுமில்லை. 2006-இல் கிறிஸ்டினா அட்டன்ஸ், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளுக்கு உப்புத் தீனி கொடுத்துத் தாகமெடுக்க வைத்தார்கள். ‘நாளைக்கு என்ன வேண்டும், தீனியா, தண்ணீரா?’ என்றால் பெரும்பாலோர் தண்ணீர் கேட்டார்கள், ஐந்து வயதினரும்கூட. இன்றைய தாகம் நாளையையும் மூடிவிடுகிறது. (பசியோடு சந்தைக்குப் போகும் பெரியவர்களும் இதே ஆட்கள்தான்.) ஆகவே வயிறு நிறைந்த நேரத்தில் நாளைய பலகாரத்தைக் கேட்காதீர்கள். ‘தனுஷ்கோடி மணலில் நடக்க உனக்கு என்ன வேணும்?’ என்றால் தடுமாறும் பிள்ளை, ‘தம்பிக்கு என்ன வேணும்?’ என்றால் செருப்பு என்று சொல்லக்கூடும். முதலில் பிறருக்கு, பிறகு தனக்கு.

‘நாளைக்கு என்ன செய்வே?’ என்பது பெரிய கேள்வி. ‘தெரியாது’ என்றுதான் பதில் வரும். எங்கே, யாரோடு, கையில் என்ன என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். தேதி கிழிக்கும் காலண்டர் அன்றைய நாளைத்தான் காட்டும். வரும் நாள் தெரியாது. சிலேட்டில் ஏழு கட்டம் போடுங்கள். விசைப்படகு போகும் திங்கள், புதன், சனியில் ஒரு படகு வரையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை மொத்தமாகச் சொன்னால் பிள்ளைக்கு எட்டாது. வாரம் வாரமாகவே காட்டுங்கள்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. செலஸ்ட் கிட் என்ற உளவியலாளரின் குழுவினர், ‘இந்த மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்றும் தருவோம்’ என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். அந்த ஆய்வில், முன்பு நல்ல கிரேயான் தருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்த பெரியவரிடம், இரண்டாவது மிட்டாய்க்காகப் பிள்ளைகள் சராசரி 3 நிமிடம்தான் காத்திருந்தார்கள். சொன்னபடி கொண்டுவந்தவரிடம் 12 நிமிடம். பொறுமையில்லாத பிள்ளை என்று திட்டுமுன் இதை யோசியுங்கள். கடல் நம் கையில் இல்லை. அதனால் ‘கரைக்கு வந்ததும் வாங்கித் தாரேன்’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். ‘மீன்பாடு நல்லா இருந்தா இன்னைக்கு, இல்லேன்னா சனிக்கிழமை’ என்று இரண்டையும் சொல்லுங்கள். சனிக்கிழமைக் கட்டத்தைப் பிள்ளையே தொட்டுக் காட்டட்டும்.