உருமியும் லேப்டாப்பும்: டர்பன்ல டிஜேயா, பீட் போடுறவரா வாழுறது

[திரையில்: தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த். சனிக்கிழமை ராத்திரி. கல்யாண மண்டபத்து வாசல். உள்ளேருந்து பேஸ் அதிருது.]

வணக்கம். உள்ள ரிசப்ஷன் நடக்குது. பாட்டிமாருக்கு எம்ஜிஆர் பாட்டு வேணும். பொண்ணோட தோழிகளுக்கு அமாபியானோன்னு தென்னாப்பிரிக்க நடன இசை வேணும். மாப்பிள்ளை வீட்டுப் பசங்களுக்கு க்கோம். இது நம்ம டர்பன்லயே பிறந்த இசை. ஜூலுக்காரங்க நாக்கைச் சொடுக்கிச் சொல்ற பேரு. இந்த மூணையும் நாலு மணி நேரத்துக்குள்ள ஒரே ஆள் கோத்துக் கொடுக்கணும். டிஜே ஆகணும்னு வர்ற தம்பி தங்கச்சிங்களை நான் முதல்ல இந்த மாதிரி மண்டபத்துக்குத்தான் அனுப்புவேன். எந்த இடத்துல கால் ஆடுது, எந்த இடத்துல ஆள் நாற்காலிக்குத் திரும்புறாங்கன்னு இங்கதான் கண்ணால பாக்க முடியும்.

ஹிப்ஹாப்பும் ஒரு விருந்துலதான் ஆரம்பிச்சது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்ஸ்ல கூல் ஹெர்க் தன் தங்கச்சி வச்ச விருந்துக்கு இசைத்தட்டு ஓட்டினார். பாட்டு நின்னு டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற இடத்துல கூட்டம் துள்ளுறதை அவர் கவனிச்சிருந்தார். ஒரே இசைத்தட்டுல ரெண்டு பிரதி வச்சு, அந்தத் துண்டையே மாத்தி மாத்தி நீட்டினார். கச்சேரியில பாடகர் ஒதுங்கி மிருதங்கத்துக்கு வழிவிடுற தனி ஆவர்த்தனம் நமக்குத் தெரியும். அந்தத் தனியை மட்டும் வெட்டி ராத்திரி முழுக்க ஓட்டுனா எப்படி இருக்கும்? அதான் பிரேக்.

[திரையில்: கன்ட்ரோலர், ரெண்டு டெக், வேக எண்.]

வேகத்துக்கு வருவோம். அமாபியானோ நிமிஷத்துக்குச் சுமார் 112 தட்டு. க்கோம் 125 பக்கம். ஒரேயடியா தாவினா தரை காலியாகும். நான் நடுவுல தாளமில்லாத ஒரு நாதஸ்வர ஆலாபனையை விடுவேன். தட்டு இல்லாததால அதுக்கடியில வேகத்தை ஏத்திக்கலாம், யாருக்கும் உறைக்காது. கூட்டமும் ‘நம்ம மேளம்’னு நிமிந்து பாக்கும்.

சாமான் ரொம்ப வேண்டாம். ஒரு லேப்டாப், ரெண்டு பாட்டைக் கலக்குற ரெண்டு சேனல் கன்ட்ரோலர், நல்ல ஹெட்போன் போதும். க்கோம் செஞ்ச டவுன்ஷிப், அதாவது கறுப்பினத்தவர் குடியிருப்புப் பசங்கள்ல நிறைய பேர் சாதாரணக் கம்ப்யூட்டர்ல எஃப்எல் ஸ்டுடியோங்கிற இசை மென்பொருள் வச்சுத்தான் செஞ்சாங்க. ரேடியோ எடுத்துக்காத காலத்துல பாட்டை வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க, மினிபஸ் டாக்ஸி டிரைவர்கள் கிட்ட கொடுத்தாங்க. டாக்ஸியில பெரிய ஸ்பீக்கர் இருக்கும், பயணிங்க கேப்பாங்க, ‘இது யாருது’ன்னு விசாரிப்பாங்க. பீட், அதாவது பாட்டுக்கு அடியில ஓடுற தாள இசை, போட்டதும் காசு கொடுத்து விளம்பரம் செய்யாதீங்க. டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஹிப்ஹாப் பேஸ்னா 808 பேரைச் சொல்வாங்க. ரோலண்ட் கம்பெனி 1980-ல விட்ட டிரம் மெஷின் அது. அதோட கிக்கை, அதாவது பெரிய டிரம் அடியை நீட்டி, சுரத்துக்குச் சுரம் வழுக்க விட்டா அந்த முனகல் வரும். காவடிக்கு உருமி வாசிக்கிறவர் பக்கத்துல நின்னு கேட்டிருக்கீங்களா? வளைஞ்ச குச்சியால தோலைத் தேய்க்கும்போது அதே வழுக்கல், அதே முனகல்! நம்ம வாத்தியத்துல எப்பவோ இருந்த ஒலி இது. உருமியைப் பதிவு பண்ணி, 808 போற வழியிலயே அதையும் வழுக்க விட்டுப் பாருங்க. ரொம்பத் தாழ்ந்த ஒலி, 60 ஹெர்ட்ஸ் பக்கம், அதைக் கிக்குக்கு விட்டுடுங்க, உருமிக்கு அதுக்கு மேல இடம் கொடுங்க, ரெண்டும் முட்டாது. தப்பு மேளத்தைப் பதிவு பண்றதா இருந்தா முதல்ல தீயில காட்டிச் சூடாக்கணும். டர்பன் கடற்காத்து ஈரத்துல தோல் தொய்ஞ்சிடும், சத்தம் செத்துப் போகும்.

புரட்டாசியில நம்ம வீடுகள்ல விரதம், கல்யாணம் அவ்வளவா இருக்காது. டிஜே வருமானம் குறையும். அந்த மாசத்தைப் பீட்டுக்கு ஒதுக்குங்க. டிசம்பர்ல மூச்சு விட நேரம் கிடைக்காது.

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். ஒலிப்பதிவு மைக்.]

அடுத்து காசு. சாலமன் லிண்டான்னு ஒரு ஜூலு பாடகர். 1939-ல ஜோஹன்னஸ்பர்க்ல ‘ம்புபே’ன்னு ஒரு பாட்டைப் பதிவு பண்ணினார். பத்து ஷில்லிங்குக்கு உரிமை கைமாறிடுச்சுன்னு சொல்வாங்க. அந்த மெட்டு அமெரிக்காவுல வேற பேர்ல பெரிய ஹிட்டாச்சு, 1994-ல ‘லயன் கிங்’ படத்துலயும் வந்தது. லிண்டா 1962-லயே ஏழையா செத்துப் போயிருந்தார். குடும்பம் 2004-ல வழக்குப் போட்டு, 2006-ல சமரசமாகி, அதுக்கப்புறம்தான் முறையா பங்கு வர ஆரம்பிச்சது. 2019-ல அதே ‘லயன் கிங்’ புதுப் படத்தை ஒட்டி பியான்சே ஒரு ஆல்பம் விட்டாங்க. அதுல ஒரு பாட்டோட தயாரிப்பாளர் பட்டியல்ல டிஜே லாக் பேரு இருக்கு. டர்பனை ஒட்டின பைன்டவுன் பக்கத்து கிளெர்மான்ட் பையன், க்கோம்காரர். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல எண்பது வருஷம்.

நானும் என் முதல் பீட்டை நண்பனுக்கு வாய்ச்சொல்லை நம்பித்தான் கொடுத்தேன். அது ஓடினப்போ என் பேரு எங்கயும் இல்ல. இன்னும் வலிக்குது.

நம்ம தென்னாப்பிரிக்காவோட 1978 பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்க பீட் செஞ்சு பதிவு பண்ணின நிமிஷமே உரிமை உங்களுடையது. அதை வேற ஒருத்தருக்கு மாத்திக் கொடுக்கணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். பாட்டை ரேடியோவுலயோ கடையிலயோ ஒலிபரப்பினா இசையமைச்சவருக்கும் எழுதினவருக்கும் வர்ற பங்கை சாம்ரோங்கிற அமைப்பு வாங்கித் தரும். பிரதி எடுக்கிற உரிமைக்கு கப்பாசோங்கிற அமைப்பு. ஒலிப்பதிவுல வாசிச்சவங்களுக்கும் பதிவோட சொந்தக்காரருக்கும் சாம்ப்ராங்கிற அமைப்பு. மூணும் வேற வேற பை. ஒண்ணுல சேர்ந்தா மத்ததும் வந்துடும்னு இருந்துடாதீங்க. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சிங்கிற அடையாளக் குறியீடு வாங்குங்க, எழுத்தும் எண்ணுமா பன்னிரண்டு இடம் இருக்கும். அது இல்லாட்டி எந்தப் பாட்டு ஓடிச்சுன்னு கணக்கு உங்களைத் தேடி வராது.

உருமி வாசிக்க வர்ற அண்ணன் விஷயம் மிச்சம் இருக்கு. கோயில்ல சாமி வந்து ஆடுற நேரத்துல மைக்கை நீட்டாதீங்க. தனியா ஒரு நாள் கூப்பிடுங்க, அன்னைக்கே கூலி கொடுங்க. பாட்டுல அவருக்கு எத்தனை சதவீதம்னு பேசி, அவர் பேரும் உங்க பேரும் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அந்தத் தாளைப் போன்ல படம் எடுத்து, பீட் இருக்கிற ஃபோல்டர்லயே போட்டு வையுங்க.

[திரையில்: கையெழுத்துப் போட்ட தாள். உருமி ஒலி.]