பனையோலைச் செட்டையோடு போன ரொக்கெட்

வணக்கம் உறவுகளே. குரல் அடைத்திருக்கிறது. நேற்றுப் பின்னேரம் வயலில் நின்று கத்தின கத்து அப்படி. சோடாப் போத்தலுக்குள் தண்ணீர் விட்டுக் காற்று அடித்துப் பறக்கவிடுகிற என் தண்ணீர் ரொக்கெட் நேராகப் போனது! போன வீடியோவில் குத்துக்கரணம் அடித்து வரம்பில் விழுந்ததே, அதேதான்.

"பனையோலைச் செட்டை காற்றுக்குத் தாங்காது" என்று எத்தனை பேர் எழுதியிருந்தீர்கள்! கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன், பாருங்கள். சார்வோலை இரண்டு அடுக்கு. ஒன்றின் நரம்பு நெடுக்கு, மற்றதன் நரம்பு குறுக்கு. நடுவில் மரவேலைப் பசை. இரண்டு இரவு அம்மாவின் அம்மிக்குக் கீழே கிடந்தது. இப்போது வளைக்கிறேன், மசிகிறதா? பலகை மாதிரி நிற்கிறது.

மூக்கு, பாதியாக வெட்டிய ரெனிஸ் பந்து. அதற்குள் வயல் களிமண், கடைத் தராசில் 60 கிராம். போன முறை இந்தப் பாரம் இல்லாததால்தான் புரண்டது. பாரமையம், அதாவது விரலில் வைத்தால் சரியாமல் நிற்கும் இடம், காற்று தள்ளும் மையத்தை விட ஒரு போத்தல் விட்டமாவது முன்னுக்கு இருக்க வேண்டும். பாரமையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுழற்றுங்கள். மூக்கு முன்னால் ஓடினால் சரி.

அப்புறம் போத்தலுக்குள் காற்று அடிக்கிற இந்த வால்வு. சைக்கிள் கடையில் வால்வு மட்டும் தர மாட்டார்களாம், முழு ரியூப்பும் வாங்க வேண்டுமாம். 950 ரூபா! புது ரியூப்பை வெட்ட யாருக்கு மனம் வரும்? இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் பார்த்தால், எங்கள் கோழிக்கூட்டுக் கதவு கட்டியிருந்ததே பழைய ரியூப்பால்தான். அதில் வால்வு பழுதில்லாமல் இருந்தது. ஒரு சதம் செலவில்லை. துள்ளிக் குதித்தேன்.

பொறுங்கள், போத்தலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்தான் வேண்டும். தண்ணீர்ப் போத்தல் மெல்லிசு, வெடித்துவிடும். சூடாக்கி ஒட்டும் பசையும் வேண்டாம், சூட்டில் போத்தல் பலம் இழக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். சைக்கிள் பம்மில் காற்றழுத்தம் 80 பி.எஸ்.ஐ.க்கு மேல் நான் போவதில்லை. ரொக்கெட்டை விடுவிக்கிற இழுகயிறு 10 மீற்றர். பெடியள் எல்லோரும் மாமரத்துக்குப் பின்னால்.

இடம், கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே எங்கள் வயல். காலபோக நெல் வெட்டி வெறுமையாகக் கிடக்கிறது. காட்டுப் பக்கம் விடவே மாட்டேன். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. ரொக்கெட் பற்றைக்குள் போனால் போகட்டும், பின்னால் ஓடாதீர்கள்.

"மருந்து அடைத்த பெரிய ரொக்கெட் எப்போது?" என்று கேட்கிறீர்கள். வெளிநாட்டில் 'ஹை பவர்' என்பது எச் வகுப்பு மோட்டரில் தொடங்குகிறது, மோட்டர் தரும் மொத்த உந்தல் 160 நியூட்டன் செக்கனுக்கு மேலே. என்னுடையது கணக்குப் போட்டால் 15 அளவில் வரும். எனக்கு இது போதும், வெடிமருந்தைத் தொட மாட்டேன். வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் அம்மம்மா இன்னும் திடுக்கிட்டு எழும்புவார். தண்ணீர் ரொக்கெட் 'புஸ்' என்றுதான் போகும். நேற்று அவரே வரம்பில் வந்து நின்று, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார். "இன்னொருக்கா விடு மோனை" என்றார்.

விட்டேன். அந்த இரண்டாவதைத்தான் இப்போது காட்டப் போகிறேன்.