ஆராய்ச்சி மணி எந்த வாசலில்?

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

எனக்குப் பிடித்த தாதா நாவல்களைப் பற்றியும், எதிர்காலத்தில் நடக்கும் நாவல்களைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். இரண்டுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நெருங்கிய உறவு என்பேன். அநீதிக்கு ஆளானவன் யார் வாசலில் போய் நிற்பது? இரண்டு வகை நாவல்களும் இதையே கேட்கின்றன.

மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டினான். கன்றை இழந்த பசு வந்து கயிற்றை இழுத்தது. தாதா நாவலில் அந்த மணி அரண்மனையை விட்டு ஒரு தனிமனிதனின் வீட்டுக்கு இடம் மாறிவிடுகிறது.

1969இல் வந்த மாரியோ பூசோவின் 'காட்ஃபாதர்' நாவலைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் தாதா இல்லை. நியூயார்க் நீதிமன்றத்தில் போனசேரா என்ற ஒரு தகப்பன் உட்கார்ந்திருக்கிறான். இறந்தவர்களின் உடலை அடக்கத்துக்குத் தயார் செய்வது அவன் தொழில். அவன் மகளை அடித்துச் சிதைத்த இரண்டு இளைஞர்களின் தண்டனையை நீதிபதி நிறுத்தி வைக்கிறார். இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள். நீதி வேண்டுமானால் கோர்லியோனே என்ற தாதாவிடம் போக வேண்டும் என்று போனசேரா அப்போதே முடிவு செய்கிறான். அங்கே அவனுடைய பணம் செல்லவில்லை. நட்பைத்தான் கேட்கிறார்கள், என்றாவது ஒருநாள் ஒரு கைம்மாறு கேட்போம் என்கிறார்கள்.

அந்த நாள் வருகிறது. எந்தக் கொலைக்கு உடந்தையாக்கப் போகிறார்களோ என்று அவன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். கேட்கப்பட்டதோ வேறு. குண்டுகளால் சிதைந்த தன் மகனின் முகத்தைத் தாய் பார்க்கும்படி சீராக்கித் தா என்கிறார் கோர்லியோனே. மகளுக்காக வந்த தகப்பனின் முன்னால் மகனைப் பறிகொடுத்த தகப்பன் நிற்கிறான். துப்பாக்கிச் சண்டைகளெல்லாம் எனக்கு மறந்துவிட்டன. இந்த இடம் மட்டும் மறக்கவில்லை.

இந்த ஊர்த் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூத்துக்குடியில் பிறந்து, விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கத் தொடங்கி, கள்ளச்சாராயத் தொழிலில் கோலோச்சி, 1988இல் சென்னையில் மறைந்த வரதராஜ முதலியாரைப் பற்றி நம் பெரியவர்கள் பேசும்போது சாராயத்தைப் பற்றியா பேசுகிறார்கள்? குறை சொல்ல அவர் வாசலில் நின்றவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். நின்றவர்கள் பிறகு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. நாவல்தான் சொல்ல வேண்டும்.

விக்ரம் சந்திராவின் 'சேக்ரட் கேம்ஸ்' (2006) இதே மும்பையின் கதை. கணேஷ் கெய்தோண்டே என்ற தாதா இறந்த பிறகும் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போவது அபாரமான உத்தி. ஆனாலும் ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' எனக்கு அதைவிட நெருக்கமானது. கந்தன் என்ற சில்லறை ரௌடியின் ஒரே ஒரு நாள். கொஞ்சமும் மினுக்கல் கிடையாது. தமிழில் இந்த உலகத்தை இவ்வளவு நேர்மையாகப் பார்த்தவர் வேறு யாருமில்லை என்றே நினைக்கிறேன்.

இனி எதிர்கால நாவல்களுக்கு வருகிறேன். இங்கே ஆராய்ச்சி மணியின் கயிறு தொங்குகிறது. இழுத்தால் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. ஆர்வெல்லின் '1984' 1949இல் வெளிவந்தது. அதில் சர்வாதிகார அரசை வெறுக்கும் வின்ஸ்டன் நம்பித் தேடிப் போன ஓ'பிரையனே கடைசியில் அவனை வதைக்கிறான்.

நம் சுஜாதா இன்னும் ஒரு படி மேலே போனார். விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். நாட்டில் எல்லா அதிகாரமும் ஜீவா என்ற தலைவரிடம். அவருக்காக மக்கள் உருகுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை. வெறும் ஹோலோகிராம் பிம்பம்! அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைக் கொண்டாடும் நாம் இந்த இடத்தைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை. முறையிட வேண்டிய ஆளே இல்லாத அரசாங்கத்தை அன்றே எழுதிவிட்டார்.

இரண்டு வகைகளும் ஒன்றாய்க் கலந்த நாவல் ஆண்டனி பர்ஜெஸின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' (1962). அலெக்ஸ் ஓர் எதிர்கால நகரத்து ரௌடி. அரசாங்கம் சிகிச்சை என்ற பெயரில் அவனைத் திருப்பி அடிக்கவும் முடியாதவனாக்கி வெளியே அனுப்புகிறது. நூலகத்தில் அடி வாங்கும்போது போலீஸ் வருகிறது. வந்தவர்கள் யார்? ஒருவன் அவனுடைய பழைய கூட்டாளி, இன்னொருவன் பழைய எதிரி. இருவரும் இப்போது சீருடையில். அவர்களும் அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்த அரங்கில் தாராவியிலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறீர்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக உங்கள் தெருக்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்து எண் கொடுத்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு, மாடியில் குடியிருப்பவருக்கு வேறிடத்தில் என்கிறது திட்டம். ஒரே ஏணியின் அடியில் ஒரு குடும்பம், உச்சியில் ஒரு குடும்பம். மாடியில் இருப்பவள் யாரிடம் போய்க் கேட்பாள்? பழைய தாதா இல்லை. திரையில் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கலாம். இதில் தாதா நாவலும் இருக்கிறது, எதிர்கால நாவலும் இருக்கிறது. இதை வெளியூர்க்காரர் வந்து எழுதும்வரை காத்திருக்காதீர்கள். அந்த ஏணியில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள். இரண்டு அத்தியாயங்கள் எழுதினாலும் போதும், கொண்டுவந்து கொடுங்கள். நான் உட்கார்ந்து படிக்கிறேன்.