ஏட்டுச் சுரைக்காயும் அம்பிளிக்கை வினிகரும்

எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஏத்திருக்குற கல்லூரி முதல்வர் அம்மா, கார் பாதி வழியில மக்கர் பண்ணியும் பஸ் ஏறி வந்து சேந்த லயன்ஸ் சங்கத் தலைவர் ஐயா, மைக் ரெண்டு தடவை கத்தியும் சிரிச்ச முகமா உக்காந்திருக்குற வட்டார மருத்துவ அலுவலர் அம்மா, எனக்குப் பொன்னாடை போத்துன தம்பி (அது பக்கத்து சீட்டு ஐயாவுக்கு வந்ததாம், இப்பதான் சொன்னாங்க, திருப்பித் தரமாட்டேன்), எல்லாருக்கும் நன்றி.

நோட்டீஸ்ல எனக்குப் போட்டிருக்குற தலைப்பு, கேன்சர் ஆராய்ச்சியாளர் டாக்டர் ஆர். சங்கரநாராயணனோட கட்டுரைகளும் தாக்கமும். மூணு விஷயம் பேசுறேன். ஒண்ணு அவர் எழுதுனது, ரெண்டு ஹெச்-இண்டெக்ஸ், அதாவது அவர் கட்டுரைகளை மத்த ஆராய்ச்சியாளர்கள் எவ்ளோ மேற்கோள் காட்டுறாங்கன்னு ஒரு கணக்கு, மூணு நமக்கு என்ன கெடச்சுது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு எங்கப்பா எதுக்கெடுத்தாலும் சொல்வாரு. அதை வெச்சே பாப்போம்.

சங்கரநாராயணன், திருவனந்தபுரத்துல வேலை பாத்துட்டு பிரான்ஸ்ல லியான் நகரத்துல இருக்குற உலகப் புற்றுநோய் ஆய்வு மையத்துக்குப் போனவர். அங்க போயும் ஆராய்ச்சிக்கு நம்ம ஊருக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தாரு. 2005ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல ஒரு பேப்பர், கேரளாவுல வாயைத் திறக்கச் சொல்லி கண்ணால பாத்தே புகையிலை, குடி பழக்கம் உள்ளவங்ககிட்ட வாய்ப் புற்றுநோய் சாவு 34% கொறஞ்சுதுன்னு. 2007ல அதே லான்செட்ல நம்ம திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் பக்கத்துல அம்பிளிக்கை இருக்குல்ல, அங்க இருந்துதான் நடத்துனாங்க. 30லேருந்து 59 வயசுப் பொம்பளைங்க, பயிற்சி எடுத்த நர்ஸுங்க, கர்ப்பப்பை வாயில நீர்த்த அசிட்டிக் ஆசிட் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தா சந்தேகமான எடம் வெள்ளையாத் தெரியும், அவ்ளோதான் டெஸ்ட். ஏழு வருஷத்துல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சாவு 35% கம்மி. சுரைக்காய் கறிக்கு உதவிருச்சா இல்லையா?

இதை எங்க அத்தைகிட்டச் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கிட்டேன். அத்தைக்கு 54 வயசு. "வினிகர் மாதிரிதான் அத்தை, அதே ஆசிட்டு"ன்னு வாய் தவறிட்டேன். "ஏன்டா மருமகனே, மாங்கா ஊறுகாய் போடக் கூப்புடுறியா, என்னையவே ஊறுகாய் போடப் போறியா"ன்னுச்சு. தெருவே சிரிக்குது. மறுநாள் வரேன்னுச்சு, காலைல போனா முருங்கைக்காய் பறிக்கணும்னுச்சு, அடுத்த வாரம் பழனிக்குப் போகணும்னுச்சு, கடைசியா ஒரு நாள் மாமாவே ஸ்கூட்டியை எடுத்துட்டு வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சாரு, முணுமுணுத்துக்கிட்டே ஏறுச்சு. போய்ட்டு வந்து என்ன சொல்லுச்சு தெரியுமா? "பல்லு புடுங்குனப்ப பட்ட பாடுகூட இல்லடா, நீ ஏன் இத்தனை நாளா பயமுறுத்துன?" நான் பயமுறுத்துனேனாம்!

ஹெச்-இண்டெக்ஸ் பத்தி அப்பறம் வரேன். அதைவிட ஒரு கதை இருக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குற ஹெச்பிவி வைரஸுக்கான தடுப்பூசியை ரெண்டு டோஸா மூணு டோஸான்னு பாக்க இங்க ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. 2010ல வேற ஒரு திட்டத்துல வந்த சர்ச்சையால இதையும் அரசு நிறுத்திருச்சு, கிட்டத்தட்ட 5,000 பொண்ணுங்க ஒரே டோஸோட நின்னுட்டாங்க. வேற ஆளா இருந்தா ஃபைலை மூடிருப்பாங்க. இவங்க அந்தப் பொண்ணுங்களையும் விடாம கண்காணிச்சு 2016ல எழுதுனாங்க, ஒரு டோஸும் நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு. 2022ல உலக சுகாதார நிறுவனம் 20 வயசு வரைக்கும் ஒரு டோஸே போதும்னு ஒத்துக்கிட்டதுக்கு இந்த ஆதாரமும் ஒரு காரணம். பாதியில நின்ன ஆராய்ச்சிங்க அது. இதுவா ஏட்டுச் சுரைக்காய்?

ஆனா நம்ம மாவட்டத்துல நடந்த ஆராய்ச்சியை உலகமே படிச்சுது, நம்ம வீட்டுலதான் யாருக்கும் தெரியல. எனக்கு அதுதான் கோவம். 30 தாண்டுன அம்மா, அக்கா, அண்ணி, யாரா இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆம்பளைங்க "அது லேடீஸ் மேட்டரு"ன்னு நழுவாதீங்க, ஸ்கூட்டி சாவி உங்க கையிலதான இருக்கு.

முதல்வர் அம்மா வாட்சைப் பாக்குறாங்க. ஹெச்-இண்டெக்ஸ் போச்சு, மன்னிச்சுக்கங்க. டீ குடுக்குற மேசையில ஒரு நோட்டு வெச்சிருக்கேன், சனிக்கிழமை வேன் வருது, பேரும் ஊரும் மட்டும் எழுதுனா போதும். துணைக்கு வர்றேன்னு முதல் பேரு எங்க அத்தையோடது.