காலியாகாத பாதித் தட்டு: பக்கவாதத்துக்குப் பிறகு இடது பக்கம் எங்கே போகிறது?

[திரையில்: மேலிருந்து தெரியும் ஒரு சாப்பாட்டுத் தட்டு. வலது பாதி சுத்தமாகக் காலி. இடது பாதியில் கையே படவில்லை.]

சில நாள் முன்பு பக்கவாதம் வந்த ஒருவரின் தட்டு இப்படித்தான் இருக்கும். கேட்டால், "இன்னும் பசிக்கிறது, ஆனால் தட்டு காலியாகிவிட்டதே" என்பார். பக்கத்தில் இருப்பவர் தட்டை அரைச்சுற்று திருப்பி வைக்கிறார். "அட, இதை எப்போது வைத்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே அவர் மீதியைச் சாப்பிட ஆரம்பிக்கிறார்.

கண்ணில் கோளாறா என்றால், இல்லை. பக்கவாதத்தால் பார்வையில் பாதியை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பாதி தெரியவில்லை என்பதாவது தெரியும்; தலையைத் திருப்பித் தேடிக்கொள்வார்கள். இவர் தேடுவதே இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் தேட ஒன்றும் இல்லை.

நரம்பு உளவியலில் இதற்கு 'இடப்பக்கப் புறக்கணிப்பு' என்று பெயர். எனக்கு இந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. வேண்டுமென்றே ஒதுக்குகிறார் என்பதுபோல் ஒலிக்கிறது. இடது பக்கம் நின்று கூப்பிட்டும் திரும்பாத அப்பாவிடம் மகளுக்கு வருத்தம் வருவதற்குக் காரணமே அந்த எண்ணம்தான்.

[திரையில்: மூளையின் இரு பாதிகள். வலது பாதியிலிருந்து இரு பக்கமும் ஒளி பரவுகிறது. இடது பாதியிலிருந்து வலப்பக்கம் மட்டும்.]

ஏன் பெரும்பாலும் இடது பக்கமே? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: மூளையின் இடது பாதி முக்கியமாக வலப்பக்கத்தைக் கவனிக்கிறது. வலது பாதியோ இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது பாதி அடிபட்டால் வலது பாதி சமாளித்துவிடும். வலது பாதி அடிபட்டால், இடப்பக்கத்தைக் கவனிக்க ஆள் இல்லை.

[திரையில்: ஒரு பெரிய சதுக்கத்தின் எளிய வரைபடம். ஒரு முனையில் பேராலயம்.]

சரி, கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் காணாமல் போகிறதா? 1978-இல் இத்தாலியின் எட்வார்டோ பிசியாக், கிளாடியோ லுசாட்டி இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் தொட்டது. மிலான் நகரத்து நோயாளிகள் இரண்டு பேர். அந்த ஊரின் பேராலயச் சதுக்கம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "பேராலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்து, அங்கே என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார்கள். வந்த பதிலில் பெரும்பாலும் வலப்பக்கத்துக் கட்டடங்கள். அப்புறம், "இப்போது பேராலய வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பாருங்கள்" என்றார்கள். சற்றுமுன் விட்டுப்போன கட்டடங்கள் இப்போது வரிசையாக வந்தன. முதலில் சொன்னவை விட்டுப்போயின!

நினைவு அழியவில்லை. மனதுக்குள் விரியும் படத்திலும் இடப்பக்கம் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு கணம் திகைப்பு வரும்.

[திரையில்: மேலும் கீழுமாக இரண்டு வீட்டுப் படங்கள். ஒன்றின் இடப்பக்கம் தீ எரிகிறது.]

1988-இல் ஜான் மார்ஷல், பீட்டர் ஹாலிகன் இருவரும் ஒரு நோயாளியிடம் இந்தப் படங்களைக் காட்டினார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றார். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று கேட்டால், அசட்டுத்தனமான கேள்வி என்று நினைத்தார். ஆனாலும் பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுத்தது தீப்பிடிக்காத வீட்டை. தகவல் எங்கேயோ உள்ளே போய்ச் சேர்கிறது, உணர்வுக்கு மட்டும் எட்டவில்லை.

[திரையில்: 'தலையணை' என்ற சொல். 'தலை' மெல்ல மங்குகிறது.]

படிப்பதிலும் இதே கதைதான். 'தலையணை' சிலருக்கு 'அணை' ஆகிவிடும். வரியின் நடுவிலிருந்து படிக்கத் தொடங்குவதால் அர்த்தம் புரியாமல், "இதை எழுதியவனுக்கு எழுதவே தெரியவில்லை" என்று பத்திரிகையைத் தூக்கிப் போடுபவரும் உண்டு.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். முதல் சில வாரங்களில் பலருக்குத் தானாகவே ஓரளவு சரியாகும். சரியாகாதவர்களுக்கு முதலில் தோன்றும் வழி, "இடப்பக்கம் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. சொன்னால் பார்ப்பார். சொல்வதை நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார். ஒன்று குறைகிறது என்றே உணராதவருக்கு, அதைத் தேட வேண்டும் என்று எப்படித் தோன்றும்? தன் குறையை உணராத இந்த நிலைக்கு 1914-இலேயே ஜோசஃப் பாபின்ஸ்கி ஒரு பெயர் வைத்துவிட்டார்: அனோசக்னோசியா.

[திரையில்: கண்ணாடி அணிந்த ஒருவர், எதிரே உள்ள புள்ளியை விரலால் தொட முயல்கிறார்.]

அதனால்தான் 1998-இல் ஈவ் ரொசெட்டி குழுவினர் வெளியிட்ட முடிவு கவனத்தை ஈர்த்தது. காட்சியை 10 டிகிரி வலப்பக்கம் நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை நோயாளிக்கு மாட்டிவிடுகிறார்கள். புள்ளியைத் தொடப் போனால் விரல் வலப்பக்கம் தவறிப் போகிறது. சில முயற்சிகளில் கை தன்னைத் திருத்திக்கொள்கிறது. கண்ணாடியைக் கழற்றியதும் விரல் புள்ளிக்கு இடப்பக்கமாகப் போகிறது. இதுவரை யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் இந்த நோயாளிகளுக்கு அந்த இடப்பக்கச் சாய்வு, கோட்டின் நடுவைக் குறிப்பது, படம் பார்த்து வரைவது போன்ற வேலைகளிலும் தெரிந்தது. குறைந்தது 2 மணி நேரம் நீடித்தது. "இடப்பக்கம் பார்" என்று யாரும் சொல்லவில்லை. சில நிமிடப் பயிற்சிதான்.

ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஆமோதிக்கவில்லை. தாளில் தெரியும் முன்னேற்றம் உடை உடுத்துவதிலும் நடமாடுவதிலும் தெரிய வேண்டுமே, அங்கேதான் முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

சிகிச்சையாளர்கள் இன்றும் நம்பிக்கையோடு கையில் எடுப்பது பழைய முறைகளைத்தான். இடது கையில் கொஞ்சம் அசைவு இருந்தால், அதை இடப்பக்கமே வைத்து விரலை அசைக்கச் சொல்வது ஒன்று. இன்னொன்று, சிவப்புக் கோடு.

[திரையில்: அச்சிட்ட ஒரு பக்கம். இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு.]

ஒவ்வொரு வரியையும் படிக்கும் முன், கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். பட்டால்தான் வரி ஆரம்பம். இதில் நினைவில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு விதிதான். பழகப் பழகக் கோட்டை மெல்லியதாக்குகிறார்கள். அப்புறம் புள்ளிக் கோடு. ஒரு நாள் கோடே இல்லாத தாளைக் கொடுத்துவிட்டு, சிகிச்சையாளர் பேசாமல் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

[திரையில்: வெறும் தாள். தலை மெல்ல இடப்பக்கம் திரும்புகிறது.]