பத்துக்கு ஆறு இல்லை

வணக்கம். ஆண்களுக்கு வரும் புரொஸ்டேட் புற்றுநோயின் ரிப்போட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டதற்கு நன்றி. நான் டொக்டர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் சதைத்துண்டை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்திச் சாயம் போட்டுக் கொடுத்தே ஓய்வு பெற்றவன். அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிவு எழுதுவது டொக்டரின் வேலை.

போன வருடம் எங்கள் அத்தான் மானிப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த பயொப்சி ரிப்போட். "தம்பி, பத்துக்கு ஆறு போட்டிருக்கிறாங்கள், பாதி தாண்டிட்டுது" என்றார். என்னிடம் வருமுன்னமே நொத்தாரிசு வீட்டுக்குப் போய், காணியை மூன்று பிள்ளைகளுக்கும் எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். கனடாவில் இருக்கிற மகன் முதல்நாள் இரவு போனில் அழுதானாம்.

விரித்துப் பார்த்தால், கிளீசன் 3+3=6. புரொஸ்டேட்டில், அதுதான் முன்னிற்கும் சுரப்பியில், ஊசியால் எடுத்த துண்டில் புற்றுநோய் இருந்தால் இன்றைக்குப் போடுகிற மிகக் குறைந்த இலக்கமே 6. மனுசன் நடு ஏணியில் நிற்பதாகப் பயந்தார், நின்றதோ முதற்படியில்.

இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் டொனால்ட் கிளீசன், அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் இருந்த நோயியல் வைத்தியர், 1966இல். அவர் கலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, சுரப்பிகள் அடுக்கப்பட்ட விதத்தை மட்டும் பார்த்து 1 முதல் 5 வரை இலக்கம் போட்டார். இன்றைக்கு ஊசித்துண்டில் 1உம் 2உம் போடுவதில்லை, 3இலிருந்துதான் தொடக்கம். எங்கள் ஊரை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வளவுக்கு ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி ஒரு கட்டு. நல்ல சுரப்பியும் அப்படித்தான், நடுவில் துளை, சுற்றிக் கலங்கள். 3 என்றால் கிணறுகள் சின்னதாகி நெருங்கிவிட்டன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தன் கட்டு இருக்கிறது. 4 என்றால் கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சில இடத்தில் அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக. 5இல் கிணறே இல்லை, கல்லுகள் சிதறிக் கிடக்கின்றன.

சரி, ஏன் இரண்டு இலக்கம்? அதிகமாகக் காண்கிற வடிவம் முதலில், அடுத்தது பிறகு. ஊசித்துண்டில் அதைவிட மோசமான மூன்றாவது ஒன்று கொஞ்சம் தெரிந்தாலும் அதை இரண்டாவதாகச் சேர்ப்பார்கள். எல்லாமே 3 ஆக இருந்தால் 3+3. அப்போ 3+4உம் 7, 4+3உம் 7. கூட்டினால் ஒன்று, ஆனால் இரண்டாவதில் மோசமான பகுதிதான் கூட, அது வேறு வருத்தம் என்றே சொல்லலாம். இந்தக் குழப்பத்தால்தான் 2014இல் உலக நோயியல் நிபுணர்கள் கூடி 1 முதல் 5 வரை குழுக்கள் வைத்தார்கள், 2016இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. 6 வந்தால் குழு 1, 3+4 குழு 2, 4+3 குழு 3, 8 குழு 4, 9உம் 10உம் குழு 5. அத்தானுக்கு அந்த 1ஐத்தான் விரல் வைத்துக் காட்டினேன். சிரிக்கவில்லை, ஆனால் தேத்தண்ணியைக் குடித்தார்.

இந்த 6ஐப் புற்றுநோய் என்றே கூப்பிட வேண்டாம் என்று வாதாடுகிற டொக்டர்மாரும் இருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. ஊசி போகாத மூலையில் 4 ஒளிந்திருக்கலாம், பெயரை எடுத்துவிட்டால் ஆள் கிளினிக்குக்கே வரமாட்டார்.

தரம் வேறு, கட்டம் வேறு. தரம் எவ்வளவு முரடு என்று சொல்லும், கட்டம் எவ்வளவு தூரம் பரவியது என்று சொல்லும், புரொஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு புரதத்தை அளக்கிற பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை இன்னொன்று. மூன்றையும் வைத்துத்தான் முடிவு. பிரித்தானியாவில் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டவர்களை 15 வருடம் பின்தொடர்ந்தார்கள், சுரப்பியைத் தாண்டாத நோய், பெரும்பாலும் குறைந்த தரம். உடனே சிகிச்சை செய்யாமல் அடிக்கடி சோதித்துப் பார்க்கிற கண்காணிப்போ, ஒப்பரேசனோ, கதிர்ச்சிகிச்சையோ, எதில் இருந்தாலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100க்கு 3 பேரளவில்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் பிறகு சிகிச்சை எடுத்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

கிளினிக்குக்குப் போகிறபோது "கிளீசன் ஏழு" என்று வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். ரிப்போட்டின் பிரதியைக் கேளுங்கள். எடுத்த துண்டுகளில் எத்தனையில் இருந்தது, 7 என்றால் அதில் 4 எத்தனை வீதம், நான் சொன்ன அந்த அரிதட்டு வடிவம் இருந்ததா, இதையெல்லாம் கேட்டால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

அத்தான் இப்போது கண்காணிப்பில். அடுத்த பிஎஸ்ஏ திகதியைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறார். நொத்தாரிசு எழுதி வைத்த உறுதி வரைவு அலுமாரிக்குள் கிடக்கிறது, யாருக்கு எந்தத் துண்டு என்று பிள்ளைகளுக்கு இன்னும் மூச்சுக்கூட விடவில்லை.